இரண்டு நிமிடம் பன்னிரண்டு நொடி

என் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் மிளகாய். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் பதினாறு வருடமாகக் கண்காணிப்பு வேலை. பூமி எங்கே நடுங்கினாலும் நேரத்தைக் குறித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவளால் ஒரே ஒரு காலையில் மட்டும் அடுத்த வேலையைப் பார்க்க முடியவில்லை. செல்ஃபோன் எல்லாம் வருவதற்கு முந்திய கதை அது.

காலை பத்தேகால் மணி இருக்கும். அலுவலக ஃபோனில் தம்பி. பூமி உருண்டையில் கால்வாசி சுற்று தள்ளி, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு துறைமுக நகரத்தில் கிரேன் ஓட்டுகிறான். அங்கே அப்போது சாயங்காலம். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினேழு. சோறு ஊட்டியதும் நான்தான், முதுகில் இரண்டு போட்டதும் நான்தான். மாதம் ஒரு தடவை கூப்பிடுவான். அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக, வெயில் அதிகம் என்று சொல்வது போல, கல்யாணம் ஆன விஷயத்தைச் சொன்னான்.

"பண்ணிக்கப் போறியா?" என்றேன்.

"பண்ணிக்கிட்டேன்க்கா. ஆச்சு, மூணு மாசம். இங்கதான் ஆபீஸ்ல சரக்கு எடை போடறா. நல்ல பொண்ணு. நம்ம பாஷைதான் தெரியாது."

எனக்கு உள்ளங்காலில் கிளம்பிய சூடு உச்சந்தலைக்கு ஏறியது.

"மூணு மாசமா? மூணு தடவை ஃபோன் பண்ணியே, அப்பல்லாம் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"சொன்னா நீ திட்டுவன்னு..."

"இப்ப மட்டும் கொஞ்சுவேனா? நான் யாருடா உனக்கு? வேண்டாதவளா? ரோட்டுல போறவளா? இனிமே எனக்கு ஃபோன் பண்ணாத. எக்கேடோ கெட்டுப் போ!"

அந்த வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. அப்புறம், வேறு ஒரு குரலில், சின்ன வயதில் கெட்ட கனவு கண்டு எழுப்புவானே அந்தக் குரலில் சொன்னான்.

"அக்கா, ஒரு நிமிஷம் இரு. இங்க ஆடுது. மூணாவது மாடில இருக்கேன். அக்கா, பில்டிங்கே ஆடு..."

இணைப்பு அறுந்தது.

கழுத்து தானாகச் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பியது. பதினாறு வருடப் பழக்கம், விடுமா? மணி பத்து பதினேழு. குறித்துக்கொண்டேன். தம்பியின் உயிர் ஊசலாடும் நேரத்தையும் துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்கிற ஜென்மம் நான்!

வெளிநாட்டு இணைப்புக்கு மறுபடி முயன்றேன். "அந்த ஊருக்கு லைனே இல்லைங்க. எல்லாம் ஒட்டுமொத்தமா போயிடுச்சு" என்றாள் இணைப்பகத்துப் பெண். ஃபோனை வைத்துவிட்டுப் பதிவு அறைக்கு ஓடினேன்.

பதிவு அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நிலையம் ஊருக்கு வெளியே ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. கருவிகள் கீழே நிலவறையில், இருபத்திரண்டு படிக்கட்டு இறங்கினால், பாறையோடு சேர்த்துக் கட்டிய திட்டில் உட்கார்ந்திருக்கும். அவை உணர்வதைக் கம்பி வழியாக மேலே கொண்டுவந்து, சுழலும் உருளையில் சுற்றிய தாளில் பேனா கோடு போடும். எங்களிடம் அப்படி இரண்டு இருந்தன. ஒன்று வேகமான அதிர்வுகளை எழுதும், அதற்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். மற்றது இருபது நொடிக்கு ஒருமுறை புரண்டு படுக்கிற மெதுவான அசைவுகளை மட்டும் எழுதும். அது நிதானம்.

உருளையில் தாள் மாற்றுகிறவருக்கும் உருளை என்றுதான் பெயர். ஆளும் அதே வடிவம். நல்ல மனிதர், என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஜீவன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன மேடம், பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?"

சொன்னேன். அவருக்கு டீ மறந்து போயிற்று.

"பெருசான்னு தெரியலையே" என்றார். "சின்னதாக்கூட இருக்கலாம். பக்கத்துல வந்தா சின்னதும் ஆட்டும்."

"அதான். சின்னதுன்னா இங்க வரவே வராது. இந்தப் பேனா நகராம இருந்தா அவன் பொழச்சான்."

நிலநடுக்கம் என்றால் ஒரே உலுக்கல் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அது ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒரு கூட்டம். முதலில் வருவது முதல் அலை. பாறையை முன்னும் பின்னுமாக நெருக்கித் தளர்த்திக்கொண்டு ஓடி வரும். மேலோட்டில் நொடிக்கு ஆறு கிலோமீட்டர், ஆழத்துக்குப் போகப் போகப் பதின்மூன்று கிலோமீட்டர் வரைகூடப் பாயும். கல், குழம்பு, தண்ணீர் எதுவும் அதற்குத் தடையில்லை. அடுத்தது இரண்டாம் அலை. துவைத்த போர்வையை இரண்டு பேர் பிடித்து உதறுகிற மாதிரி, போகிற திசைக்குக் குறுக்கே உலுக்கிக்கொண்டு வரும். வேகம் முதல் அலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல், ஆனால் அடி பலம். அதற்குத் திரவத்தின் ஊடே போக வராது. கடைசியில் வருவது மேற்பரப்பு அலைகள். பூமிக்குள்ளே நுழையாமல் தோலோடு ஊர்ந்து வருகிறவை, நொடிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் ஆடி அசைந்து வந்து வீடுகளைச் சாய்ப்பவை அவைதான்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு முதல் அலை பதின்மூன்று நிமிடம் எடுக்கும். அதாவது பத்து முப்பதுக்கு வர வேண்டும். அதுவரை என்னால் செய்யக்கூடியது எதுவுமில்லை. அவன் காலடியில் புறப்பட்ட அலை, நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அதே நொடியில், இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் ஆழத்தில் பூமியின் நடுக்குழம்பைத் தொட்டும் தொடாமலும் வளைந்து என்னை நோக்கி வந்துகொண்டிருக்கும். குன்றுக்குக் கீழே ரோட்டில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்த வேனுக்குக் கீழேயும் அது வரும். ஒருவருக்கும் தெரியாது.

வராதே, வராதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

பத்து இருபத்தேழுக்கு அவசரத்தின் பேனா துள்ளியது.

சும்மா துள்ளல் இல்லை. தாளில் கை அகலத்துக்கு மேலும் கீழும் அடித்தது. உருளை எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மூணு நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சே" என்றேன்.

"அப்ப இது வேற, மேடம். வேற எங்கயோ, கிட்டக்க நடந்திருக்கு. உங்க தம்பி ஊர்ல இருந்து இவ்வளவு சீக்கிரம் வராது."

அவர் சொன்னது நியாயம்தான். அலைகள் மனுஷர்கள் மாதிரி இல்லை, சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நிற்காது. மூழ்குகிறவளுக்குக் கிடைத்த கட்டையாக அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் கழித்துப் பேனா இன்னொரு தடவை துள்ளியது, முதல் துள்ளலைவிட ரொம்பச் சிறியதாக. இரண்டாம் அலை என்றால் அடி பலமாக இருக்கும், அதனால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் அலைக்காகத்தான் காத்திருந்தேன். முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அதுதான் தூரம். நாலு நிமிடத்தில் வந்தால் பக்கத்தில் எங்கேயோ. ஆறு நிமிடம் ஆனாலும் அவன் ஊர் இல்லை.

நாலு நிமிடம் ஆயிற்று. ஆறும் ஆயிற்று. எட்டாவது நிமிடத்தில் உருளை என் தோளில் கை வைக்க வந்து, தயங்கி, எடுத்துக்கொண்டார்.

பத்து முப்பத்தேழுக்கு இரண்டாம் அலை வந்தது. இடைவெளி பத்து நிமிடம். இடைவெளிக்குத் தூரம் சொல்லும் அட்டவணையைப் பார்க்கவே தேவையில்லை. சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர். அவன் ஊர்தான்.

"அளவு?" என்று கேட்டேன்.

உருளை அடிக்கோலை வைத்து அளந்தார். ஏதோ கணக்குப் போட்டார். மறுபடி அளந்தார். "ஏழுக்கு மேல வருது, மேடம்" என்றார்.

ஏழுக்கு மேல் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். எத்தனை ஊர்களைக் குறித்திருக்கிறேன்! குறித்த மறுநாள் செய்தித்தாளில் அந்த ஊர்களின் படம் வரும். செங்கல் குவியல், அதன் மேல் ஒரு நாற்காலி, பக்கத்தில் யாரோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் நான் அந்தப் படத்துக்குள் போய்ப் பார்த்ததில்லை. அன்றைக்குப் போனேன். என் தம்பி மூன்றாவது மாடியில் நின்றான். கடைசியாக அவன் காதில் விழுந்தது என் சாபம்.

அழவில்லை. அழத் தெரியாதவள் வேலை செய்வாள். தாளை இழுத்து வைத்துக்கொண்டு, முதல் துடிப்பிலிருந்து ஒவ்வொரு துடிப்பாக நேரம் குறிக்க ஆரம்பித்தேன். கண்டுகொள்ளாமல் விட்ட அந்த இரண்டாவது துள்ளலுக்கு வந்தேன். முதலாவதுக்கும் அதற்கும் இடைவெளி இரண்டு நிமிடம் பன்னிரண்டு நொடி.

பென்சில் நின்றது.

"யோவ், இங்க வாங்க. இதைப் பாருங்க."

பார்த்தார். "பின்னதிர்வா இருக்கும்."

"இல்ல, எதிரொலியா இருந்தா?"

நிலநடுக்கம் தரைக்குப் பக்கத்தில்தான் பிறக்கும் என்று இல்லை. சில சமயம் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் அடியாழத்தில் பிறக்கும். அப்போது ஒரு முதல் அலை நேரே கீழே இறங்கி எங்களை நோக்கி வந்துவிடும். கூடப் பிறந்த இன்னொன்று முதலில் மேலே ஏறும். தரையை அடியிலிருந்து முட்டும். முட்டித் திரும்பி, முன்னே போனதைத் தொடர்ந்து அதே வழியில் ஓடி வரும். மேலே போய்வந்த நேரம்தான் அந்த இடைவெளி. அட்டவணையில் விரலை ஓட்டினேன். இரண்டு நிமிடம் பன்னிரண்டு நொடிக்கு நேரே அறுநூறு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது.

ஏன் மூன்று நிமிடம் முந்தி வந்தது என்பதும் அப்போது புரிந்தது. அது முந்தவில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே ஏறி அவனை ஆட்டவே அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. ஆழத்திலேயே புறப்பட்டதால் என்னிடம் வரும் வழியிலும் ஒரு நிமிடம் மிச்சம். அவன் "ஆடுது" என்று சொல்வதற்கு முன்பே என்னுடைய அலை புறப்பட்டுவிட்டது. நான் கத்திக்கொண்டிருந்தேனே, அப்போதே அது ஒரு பக்கம் அவனை நோக்கியும் ஒரு பக்கம் என்னை நோக்கியும் கிளம்பிவிட்டது. எங்கள் இருவருக்கும் கீழே இவ்வளவு பெரிய காரியம் நடக்க, நான் கல்யாணத்துக்குச் சண்டை பிடித்தேன்!

அந்த இரண்டாவது துள்ளலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல்நுனி உயரம்தான் இருக்கும். அது அவன் ஊர்ப்பக்கத்துத் தரையைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. அவன் நடக்கிற தெருக்கள், அவன் கிரேன் நிற்கிற தளம், அந்தப் பெண் எடை போடுகிற மேசை எல்லாம் சேர்ந்த தரையில் தலையை முட்டிவிட்டு, பூமியின் வயிற்றைக் கடந்து வந்து, எனக்காக இந்தத் தாளில் ஒரு கீறல் போட்டிருக்கிறது. பதினாறு வருடத்தில் எத்தனை எதிரொலிகளை அளந்திருப்பேன்! ஒன்றையாவது இப்படிப் பார்த்தேனா? கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

"ஆழத்துல நடந்திருந்தா தரைக்கு வரும்போது அடி தளர்ந்திருக்கும்" என்றேன். "மேற்பரப்பு அலையும் எழும்பாது. ஆடும், ஆனா இடியாது."

உருளை தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். எதிரொலின்னா சந்தோஷம். பின்னதிர்வுன்னா? ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதானே இருக்கு."

கோபம் வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. வேண்டியவனின் உயிர் என்றால் கண் தனக்குச் சாதகமாகத்தான் பார்க்கும். இதைத் தீர்த்துவைக்க ஒரே சாட்சி நிதானம். அது எழுதுகிற மேற்பரப்பு அலைகள் பத்து ஐம்பத்தைந்து வாக்கில் வந்து சேர வேண்டும். ஏழுக்கு மேல் அளவுள்ள நடுக்கம் மேலாகப் பிறந்திருந்தால், பேனா தாளைவிட்டே வெளியே போகும் அளவுக்கு அவை வரும், அரைமணி நேரம் ஓயாது. ஆழத்தில் பிறந்திருந்தால் அனேகமாக ஒன்றும் வராது.

நாற்காலியை இழுத்து நிதானத்துக்கு எதிரே போட்டேன். பேனா நேர்க்கோடு போட்டுக்கொண்டிருந்தது. பத்து ஐம்பது. பத்து ஐம்பத்து மூன்று. வாழ்க்கையில் ஒரு கோடு நேராகவே போக வேண்டும் என்று நான் அப்படிப் பிரார்த்தித்ததில்லை. பத்து ஐம்பத்தைந்து. நேர்க்கோடு. பத்து ஐம்பத்தாறு. பத்து ஐம்பத்தேழு.

பேனா மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

சாய்ந்துகொண்டே போனது. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. அவசரமே இல்லாமல், பெரிய மேற்பரப்பு அலை தொடங்குகிற அதே தோரணையில். "ஐயோ, போயிட்டானே!" என்று நான் கத்திய கத்தலில் வாசலில் இருந்த காவலாளி ஓடி வந்தார். மேசையில் தலையை முட்டிக்கொண்டேன். "பாவி, நான்தான் வாய் வச்சேன், நான்தான் வாய் வச்சேன்" என்று என்னென்னவோ புலம்பினேன். காவலாளி பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார்.

தலையை நிமிர்த்தியபோது அவசரத்தின் பேனா கண்ணில் பட்டது. டக், டக், டக் என்று நொடிக்கு ஒரு சின்னக் கொக்கி போட்டுக்கொண்டிருந்தது. பத்தாயிரம் கிலோமீட்டர் கடந்து வருகிற எதுவும் நொடிக்கு ஒன்று என்று அவ்வளவு ஒழுங்காக வராது. அறையைச் சுற்றிப் பார்த்தேன். உருளையைக் காணோம்.

படிக்கட்டுக் கதவு திறந்திருந்தது.

நிலவறைத் திட்டுக்குப் பக்கத்தில் ஆள் போய் நின்றால், அந்த எடைக்குத் தரை மயிரிழை சாயும். அந்த மயிரிழையை நிதானம் அலையாக எழுதும். உருளையின் எடைக்குக் கேட்கவே வேண்டாம். அவசரம் போட்ட கொக்கிகள் அவருடைய காலடிகள். எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார் மனுஷன்.

"கோடு ரொம்ப நேரா போச்சு மேடம். கருவி சிக்கிக்கிச்சோன்னு சந்தேகம். போய்ப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. காவலாளி தண்ணீர்க் குவளையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். உருளை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நான் மூச்சு எடுக்க நிறுத்திய இடைவெளியில், விரலை நீட்டினார்.

"திரும்பி வந்துடுச்சு, பாருங்க."

பேனா பழைய இடத்துக்கு வந்திருந்தது. நேர்க்கோடு. கருவிக்கு உயிர் இருக்கிறது என்பதும் இப்போது உறுதி, இவர் நடந்ததையே எழுதிவிட்டதே. பதினொன்று. நேர்க்கோடு. பதினொன்று பத்து. பதினொன்று இருபது. தாளில் கண்ணுக்குத் தெரிகிற அலை ஒன்றுகூட வரவில்லை. ஏழுக்கு மேல் அளவுள்ள ஒரு நிலநடுக்கம், மேற்பரப்பில் ஒன்றுமே இல்லை. அது எதிரொலிதான். அறுநூறு கிலோமீட்டர்தான்.

அப்போதுதான் அழுதேன். மூக்கைச் சிந்திச் சிந்தி, வெட்கமே இல்லாமல் அழுதேன். நேராகப் போகிற ஒரு கோட்டைப் பார்த்து ஒரு பெண் அழுவதைக் காவலாளி எப்படிப் புரிந்துகொண்டாரோ தெரியாது. "ஆண்டவன் கைவிடமாட்டாரும்மா" என்று சொல்லித் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைமையகத்துக்கு ஃபோன் செய்தேன். ஆழம் அறுநூறு, பெரிய சேதத்துக்கு வாய்ப்புக் குறைவு என்றேன். "ஒரே நிலையத்தை வச்சு எப்படிம்மா சொல்றது? மத்தவங்க பதிவும் வரட்டும்" என்றார் அதிகாரி. "வரட்டும் சார், நிதானமா வரட்டும். என் தம்பி நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். உலகத்தில் வேறு யாருக்கும் இன்னும் தெரியாது. அந்த ஊரிலிருந்து ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. எனக்கு மட்டும் பூமி சொல்லியிருந்தது.

ஆனாலும் மூன்று மணிக்கு ஃபோன் அடித்தபோது என்னால் எழுந்துபோய் எடுக்க முடியவில்லை. கணக்கு கணக்குதான், மனசு மனசுதான். உருளைதான் எடுத்துக்கொண்டு வந்து என் காதில் வைத்தார்.

"அக்கா?"

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, லைன்ல இருக்கியா? இங்க ஒண்ணும் ஆகலக்கா. ரெண்டு நிமிஷம் தொட்டில் மாதிரி ஆட்டுச்சு, அவ்வளவுதான். ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையல. எக்ஸ்சேஞ்சுல இருந்த எல்லாரும் தெருவுக்கு ஓடிட்டாங்க, அதான் லைன் இல்ல. இப்பதான் ஒவ்வொருத்தரா உள்ள வர்றாங்க." குரலைத் தாழ்த்தினான். "நீ திட்டிக்கிட்டு இருந்தப்ப பாதியில கட்டாயிடுச்சு. மீதியையும் திட்டி முடிச்சிடுக்கா. மனசுல வச்சுக்காத."

வாயைத் திறந்தேன். பதினாறு வருடமாக ஓர் அலுவலகத்தையே நடுங்க வைத்த வாய். ஒரு திட்டுகூடக் கிடைக்கவில்லை.

"பக்கத்துல இருக்காளா?" என்றேன்.

"யாரு?"

"யாரா? உன் பொண்டாட்டிடா."

"இருக்கா. ரொம்ப பயந்துட்டா, கையை விடவே மாட்டேங்கறா."

"அவகிட்ட ஃபோனைக் குடு."

"அக்கா, அவளுக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாது."

"அவ பேசட்டும். எனக்குப் புரியும். குடுடா."